கட் என்ற சொல்லும் ஒரு பாதி மொட்டையும்

நான் ஓய்வு பெற்ற அன்று ஆப்பரேஷன் தியேட்டர்காரர்கள் எனக்கு ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். நாசி லெமாக், மசால் வடை, ஒரு கேக். கேக்குக்கு முன்னால் நான் கத்தியும் கையுமாக நிற்கும்போது, என் இடத்துக்கு வந்திருக்கும் சரண்யா கேட்டாள்.

"அங்கிள், முப்பத்தாறு வருஷம் என்னதான் வேலை செஞ்சீங்க? ஒரே வார்த்தையில சொல்லுங்க பாப்போம்."

"கட்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அது உண்மை.

போன மாதம் அதே சரண்யா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டாள். ஆப்பரேஷனுக்கு முன் நோயாளிக்கு முடி எடுக்க இனிமேல் ரேஸர் கிடையாதாம், மின்சாரக் கிளிப்பர் மட்டும்தானாம். நோயாளி விவரம் நிரப்பும் புதுப் பாரம் வேறு அச்சடிக்கப் போகிறார்களாம். "நீங்க ஒவ்வொரு பேஷண்ட்கிட்டேயும் ஒரு கேள்வி கேப்பீங்களே, அது எப்படி வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க அங்கிள்" என்று கேட்டிருந்தாள். இரண்டு வரியில் முடிகிற கதையா அது? அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் பெயர் முனியாண்டி. அப்பா ரயில்வேயில் வேலை செய்தார், வளர்ந்தது பிரிக்ஃபீல்ட்ஸ். பள்ளி முடித்ததும் அங்கேயே ஒரு முடிதிருத்தும் கடையில் இரண்டு வருடம் நின்றேன். அதன் பிறகு கிள்ளான் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை கிடைத்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, தரை துடைப்பது, ரத்தப் பையை ஓடிப் போய் வாங்கி வருவது என்று ஆரம்பம். கத்தி பிடிக்கத் தெரிந்தவன் என்று தெரிந்ததும் என்னைத் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் கட் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வேலை வாங்கினார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. விபத்தில் அடிபட்டு வருகிறவனின் சட்டையைக் கட் பண்ண வேண்டும். ஓரத்துத் தையலோடு நேராகப் போனால் நாலு இழுப்பில் கழன்றுவிடும், கையை அசைக்கவே வேண்டாம். விரல் வீங்கி மாட்டிக்கொண்ட மோதிரத்தைக் கட் பண்ண வேண்டும். மாவுக்கட்டைக் கட் பண்ணும் ரம்பம் போடுகிற சத்தத்தில் பெரிய ஆம்பிளைகளே காலை இழுத்துக்கொள்வார்கள். நான் முதலில் அதை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். அது அதிரும், தோலைக் கிழிக்காது. ஆப்பரேஷன் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட்டால் அதுவும் கட். வேலைக்கு வராதவனுக்கு லீவு கட். காண்டீனில் வரிசையில் குறுக்கே புகுந்த டாக்டரைப் பார்த்து "டாக்டர், கட் கியூ" என்று நர்ஸ் சொல்லுவாள்.

இத்தனையிலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். ஆப்பரேஷன் முடிகிற நேரத்தில் சர்ஜன் கடைசித் தையலில் முடிச்சுப் போட்டுவிட்டு, தலை நிமிராமல் "கட்" என்பார். உதவிக்கு நிற்பவர் நூலை நறுக்குவார். கதவுக்கு வெளியே நிற்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் போதும், ஸ்ட்ரெச்சரின் பிரேக்கை எடுத்துவிடுவேன். உள்ளே இருப்பவர் பிழைத்து வெளியே வரப்போகிறார் என்று அர்த்தம்.

ஆனால் நோயாளிக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். அவன் உடம்பு. அதனால் நான் யாரிடமும் கட் என்று சொன்னதில்லை. "முடிய எடுத்திடுறேன் அண்ணே", "கட்ட பிரிச்சிடுறேன் ஆன்டி", அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்குச் சிஸ்டர் லிம் கொடுத்த பயிற்சி. தியேட்டரை ஆண்டவர் அவர்தான். குள்ளம், ஒல்லி, நெஞ்சில் தலைகீழாகக் குத்திய கடிகாரம், நடக்கும்போது கீச்சென்று கத்தும் வெள்ளைச் சப்பாத்து. அவருடைய அப்பா காப்பாரில் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். சிஸ்டருக்குத் தமிழ் அங்கே வந்த தோட்டத்துத் தமிழ்ச் சனங்களிடம் கற்றது. அதனால் மரியாதைப் பன்மை எல்லாம் தெரியாது. டாக்டர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் நீ, வா, போதான். தமிழ் டாக்டர்கள் முதல் வாரம் திடுக்கிடுவார்கள், இரண்டாவது வாரம் பழகிவிடுவார்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். அதைப் பார்த்ததும் நாங்கள் ஆளுக்கொரு வேலைக்கு ஓடுவோம்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மனித உடம்பிலிருந்து வந்தது எதுவாக இருந்தாலும், கட்டியோ கல்லோ, குப்பியில் போட்டு மூடி, லேபிள் ஒட்ட வேண்டும். எங்கே அனுப்புகிறோமோ அதற்கு ஒரு சீட்டு எழுத வேண்டும். வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட்ட சீட்டு திரும்பி வந்து நோட்டில் ஒட்டப்பட வேண்டும். அதுவரை அந்தக் கேஸ் முடியாது.

"பேரு. நம்பர். எங்கே போவுது. யாரு வாங்கினா," என்று நாலு விரலை மடக்குவார். "லேபிள் ஒட்டினா மனுசனோடது. ஒட்டாட்டி குப்பை."

ஆனால் முடி அந்தச் சட்டத்துக்குள் வராது. அது நேராக மஞ்சள் குப்பைப் பைக்குத்தான் போகும். நானும் பல காலம் அப்படித்தான் போட்டேன்.

நான் தியேட்டருக்கு வந்து இரண்டாவது வருடம். தாடைக்குக் கீழே கட்டி வந்த ஒரு லோரி டிரைவர், வயது ஐம்பதுக்கு மேல். மயக்க ஊசிக்கு முன் கொடுக்கும் மருந்தில் அரைத் தூக்கத்தில் கிடந்தார். தாடி அடர்ந்திருந்தது. எனக்குத் தொழில் தெரியும் என்ற திமிர். சோப்பு நுரை போட்டு ஐந்து நிமிடத்தில் மழமழவென்று எடுத்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை. மறுநாள் வார்டுக்குப் போனபோது அவர் தாடையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார், அது தைப்பூசத்துக்கு வளர்த்த தாடியாம். இன்னும் மூன்று வாரம்தான் இருந்ததாம்.

நான் போய் நின்றேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

"பரவால்ல தம்பி. ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

திட்டியிருந்தால் இத்தனை வருடம் ஞாபகம் வைத்திருக்க மாட்டேன். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? நானும் பத்துமலை முருகனுக்கு நடந்தே போகிற ஆள்தானே. சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"கேட்டியா?"

"இல்ல சிஸ்டர்."

"இனிமே கேளு."

அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். தமிழர் என்றால், "சாமிக்கு ஏதாச்சும் நேந்திருக்கீங்களா?" மலாய்க்காரர் என்றால், நேர்த்திக்கடனுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையில், "நாசார் எதுவும் உண்டா?" சீனர் என்றால், கோயிலில் ஏதாவது வாக்குக் கொடுத்திருக்கிறீர்களா என்று. பெரும்பாலும் இல்லை என்பார்கள். சிலர் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்ப்பார்கள். உண்டு என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு எடுத்தால் போதும், எங்கே விடலாம் என்று சர்ஜனிடம் கேட்டு வருவேன். இதுதான் சரண்யா சொல்லும் கேள்வி. எந்தப் பாரத்திலும் இருந்ததில்லை.

அந்தக் கேள்வி ஒரு நாள் என் கழுத்தையே பிடித்தது.

ஒரு சனிக்கிழமை மதியம். காப்பாரிலிருந்து ஒரு பிள்ளை வந்தான். சர்வின், மூன்று வயது ஆகவில்லை. அப்பா குமார் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கடைக்குப் போயிருக்கிறார். ஒரு கார் கட் பண்ணி உள்ளே வர, மோட்டார் சறுக்கிவிட்டது. அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பிள்ளைக்கு வலது பக்கத் தலையில் அடி. மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது, வலது கண்மணி விரிய ஆரம்பித்துவிட்டது. உடனே திறந்து ரத்தத்தை எடுக்காவிட்டால் பிள்ளை தங்காது.

தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதைத் தாண்டி வெளியாட்கள் வரக் கூடாது. ஸ்ட்ரெச்சர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றது. அம்மா பவானி குனிந்து பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பெண் பிள்ளையைப் போல முதுகு வரை முடி. சிவப்பு ரப்பர் வளையம் போட்ட குதிரைவால். என் கையில் தட்டும் ரேஸரும் கத்தரியும். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கேள்வி கேட்கவே தேவையில்லை.

"முதல் முடியாம்மா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். குமார்தான் சொன்னார். "ரெண்டு பிள்ள தங்கல அண்ணே. இவன் பொறந்தா மூணு வயசுல மாமன் மடியில வச்சு பத்துமலையில முடி எறக்கறேன்னு நேந்துகிட்டா. அடுத்த மாசம் தேதி வச்சிருக்கோம். இது வரைக்கும் நுனி கூட வெட்டல."

ஆப்பரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டிய தாள் அவர் கையில் இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி பிள்ளையைப் பார்த்தாள்.

சர்ஜன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். இளம் மலாய்க்காரர், நல்ல மனிதர். "வலது பக்கம் மட்டும் போதும். பத்து நிமிடத்தில் பிள்ளை உள்ளே இருக்க வேண்டும்," என்று மலாயில் சொன்னார். "கையெழுத்து இல்லாவிட்டாலும் நான் செய்துவிடுவேன், சிஸ்டர். ஆனால் அம்மா கையிலிருந்து யார் பிடுங்குவது?"

சிஸ்டர் லிம் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் மண்டி போட்டேன். "அம்மா, நானும் முருகனக் கும்புடுறவன்தான். டாக்டருக்கு வலது பக்கம் மட்டும் போதும். இடது பக்கத்த நான் தொட மாட்டேன். அது மலையில மாமன் மடியில எறக்குறதுக்கு அப்படியே இருக்கும். வலது பக்கத்து முடி ஒண்ணு கூட கீழ விழாம எடுத்து ஒங்க கையில தரேன். ரெண்டையும் சேத்துக் குடுங்க."

"பாதி மொட்ட யாராச்சும் போடுவாங்களா அண்ணே?" என்றாள். அழுகையே இல்லாத குரல். "கொற வச்சுட்டா இவனையும் எடுத்துக்குவாரு."

உண்மையைச் சொன்னால், பயமாக இருந்தது. கோயில் காரியத்தில் எது செல்லும், எது செல்லாது என்று சொல்ல நான் யார்? ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில் கிடந்த அவள் கைப்பேசியில் யாரோ கத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் காதில் விழுந்தது. எடுத்துப் பேசினேன். அவளுடைய தம்பி. டெங்கிலில் இருந்து கிளம்பி, சுபாங் ஜெயா பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் நாலு வரியில் சொன்னேன்.

"ஸ்பீக்கர்ல போடுங்க அண்ணே," என்றான். போட்டேன். "அக்கா. கேளு. மாமன் நான் சொல்றேன்லா. பாதிய இப்ப எடுக்கட்டும், மீதிய என் மடியில எடுப்போம். நான் வர்ற வரைக்கும் அந்த அண்ணன்தான் மாமன். விடு அக்கா. கைய எடு."

அவள் கையை எடுக்கவில்லை. ஆனால் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கீழ விழாதுல்ல?"

"விழாதும்மா."

"நான் பாக்கணும்."

சிஸ்டர் லிம் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். முப்பது வருடம் அந்தக் கோட்டுக்குக் காவல் நின்றவர். ஒரு மந்திரியின் மனைவியையே அதற்கு வெளியே நிறுத்தியவர். பவானியின் தோளில் கையை வைத்து, "வா. சப்பாத்து கழட்டு. உள்ளே வா," என்றார். குமார் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

குதிரைவாலின் சிவப்பு வளையத்தை மெல்லக் கழற்றினேன். உச்சி வகிடு எடுத்து இரண்டாகப் பிரித்து, இடது பாதிக்கு அதே வளையத்தைப் போட்டு, வலது பாதியை நூலால் இரண்டு இடத்தில் கட்டினேன். அடிபட்ட இடத்தை அசைக்காமல், கத்தரியை ஒரே முறை வைத்தேன். கையளவு முடி கையோடு வந்தது. மீதிக்குச் சோப்புத் தண்ணீர், பிறகு ரேஸர். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி சாயும் பக்கமாகவே சின்னச் சின்ன இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் ரேஸரை நனைத்த பஞ்சில் துடைத்தேன். கன்னத்துக்குக் கீழே ஒரு தட்டு நகர்ந்து நகர்ந்து வந்தது. யார் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால், சிஸ்டர் லிம். எந்த அட்டெண்டனுக்கும் அவர் தட்டு பிடித்து நான் பார்த்ததில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரு முடியை அவரே விரலால் எடுத்துத் தட்டில் போட்டார். நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

பிள்ளை உள்ளே போனான். கதவு மூடியது. சிஸ்டர் ஒரு பெரிய குப்பியை எடுத்து வந்தார்.

"முடி, பஞ்சு எல்லாம் உள்ளே போடு. மருந்துத் தண்ணி ஊத்தாதே," என்றார். சதை கெடாமல் இருக்க ஊற்றுவது அது. மூடி, லேபிள் எடுத்து எழுதினார். பெயர், நம்பர். பொருள்: முடி. ஒன்றுக்கு மேல் குப்பி வரும் என்றால் எண் போடுவது வழக்கம். சிஸ்டர் "இரண்டில் ஒன்று" என்று எழுதினார். அனுப்பும் இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"எங்கே போவுது?"

"பத்துமலை, சிஸ்டர்."

பத்துமலை என்றே எழுதினார். பவானி அந்த லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நான் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். பெற்றவர்கள் அழுவதைப் பார்க்க எனக்கு எப்போதுமே தைரியம் கிடையாது.

இரண்டரை மணி நேரம். கதவில் காதை வைத்தபடியே நின்றேன். மாமன் வந்து சேர்ந்துவிட்டான். கடைசியில் உள்ளே இருந்து அந்தச் சத்தம் வந்தது. "கட்." பிரேக்கை எடுத்து ஸ்ட்ரெச்சரைக் கதவுக்கு நேரே தள்ளினேன்.

மூன்றாவது நாள் சர்வின் கண் விழித்து மைலோ கேட்டான். மைலோ கொடுத்ததும் அதை நர்ஸின் மேல் ஊற்றினான். எல்லோருக்கும் உயிர் வந்தது. தலையில் ஒரு பக்கம் கட்டு, மறுபக்கம் சிவப்பு வளையம் போட்ட அரைக் குதிரைவால். வார்டே வந்து வேடிக்கை பார்த்தது. பவானி மட்டும் அந்த அரைவாலுக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டிருந்தாள்.

குப்பியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்றேன். சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. புண் ஆறி, சர்ஜன் சரி என்று சொல்லும் வரை அது அவருடைய அலமாரியில் பூட்டப்பட்டு இருந்தது. ஏழு வாரம் கழித்துத் தேதி குறித்தார்கள். சிஸ்டர் குப்பியோடு சீட்டையும் என் கையில் கொடுத்தார்.

"நீ கொண்டு போ. வாங்கினவங்க கையெழுத்து வேணும்."

"சிஸ்டர், அங்க யாரு கையெழுத்து போடுவா?"

"அது ஒன்னோட வேலை."

பத்துமலையில் மொட்டை போடும் இடத்தில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தோம். மாமன் மடியில் சர்வின். முடி எடுப்பவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். வலது பக்கம் முளைத்திருந்த குட்டை முடிக்கு நடுவே தையல் தழும்பு வளைந்து ஓடியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க பாஸ். இது தலையில கை வச்ச கேசு. நான் வைக்க மாட்டேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவர்மேல் தப்பில்லை, பயம் யாருக்கும் வரும். பவானி அவரோடு வாதாடவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"பாதி எடுத்தவரே மீதிய எடுக்கட்டும்," என்றாள்.

எனக்குப் புதுப் பிளேடு போட்டுக் கொடுத்தார்கள். இடது பாதியை எடுத்து, வலது பக்கம் புதிதாக முளைத்ததையும் எடுத்தேன். தழும்பின் ஓரத்தில் போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். சர்வினுக்கு அதெல்லாம் கவலையில்லை. குரங்கைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தான். மாமன் வேட்டியில் விழுந்த முடியோடு குப்பியிலிருந்த முடியையும் பவானி சேர்த்துக் கோயில் காணிக்கைக் கூடையில் போட்டாள். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் காலிக் குப்பியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மொட்டைத் தலையில் சந்தனம் தடவினார்கள். அப்போதுதான் சட்டைப்பையில் இருந்த சீட்டு ஞாபகம் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். குமார் சிரித்துவிட்டார். பவானி சிரிக்கவில்லை. பிள்ளையின் கட்டை விரலைப் பிடித்து அவன் தலைச் சந்தனத்திலேயே தோய்த்து, சீட்டின் கீழே, வாங்கியவர் என்ற இடத்தில் அழுத்தினாள்.

திங்கட்கிழமை காலை சிஸ்டரின் மேசையில் சீட்டை வைத்தேன். சந்தனம் காய்ந்து பொடிந்திருந்தது. ரேகை தெரிந்தது. சிஸ்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அதை நெடுநேரம் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"யாரு வாங்கினா?"

"சர்வின் சிஸ்டர். சாமிக்குப் பதிலா."

இதெல்லாம் செல்லாது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நோட்டைத் திறந்து, பசை தடவி, சந்தனம் உதிராமல் ஓரத்தைப் பிடித்து ஒட்டினார். அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக்கையும் ஒட்டினார். பக்கத்துக் கட்டத்தில் "கேஸ் முடிந்தது" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டு மணி ஆச்சு. என்ன நிக்கிறே? முதல் கேஸ் வந்தாச்சு. போ, போய்க் கேளு."